எட்டு லைனும் எல்லாருக்கும்

1996 ஜூன் 6, வியாழன்

இன்று போன் முப்பத்தொரு தடவை அடித்தது. ஒவ்வொன்றுக்கும் பேப்பரில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். "குணாளன் சார், அஞ்சாம் நம்பர் பூட்டு." கொஞ்ச நேரம் கழித்து, "குணாளன் சார், அஞ்சாம் நம்பர் வுடு." இதுதான் என் உத்தியோகம். பி.எஸ்ஸி. கணிதம், அதற்கு மேல் கம்ப்யூட்டர் டிப்ளமா, எல்லாம் முடித்துக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து தகடு அடிக்கும் பிரஸ்களுக்குப் பூட்டுப் போட்டுத் திறக்கிற வாட்ச்மேன்.

கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து எட்டு ஒயர்கள் ஷாப்புக்கு, அதாவது மெஷின்கள் ஓடும் பட்டறைக்குப் போகின்றன, பிரஸ்ஸுக்கு ஒன்று. இந்தப் பழைய யூனிக்ஸில் ஒவ்வொரு லைனும் ஒரு ஃபைல். அதில் எதை எழுதினாலும் அது பிரஸ்ஸுக்குப் போய்ச் சேரும். எழுதும் அனுமதி ரூட்டுக்கு மட்டும், அதாவது எனக்கு மட்டும். பிரஸ்ஸுக்குத் தெரிந்தது மூன்றே வார்த்தை: பூட்டு, விடு, பூஜ்யம். பூஜ்யம் என்று வந்தால் எண்ணிக்கையை அழிக்கும், பூட்டியிருந்தால் பூட்டையும் எடுத்துவிட்டு ஒன்றிலிருந்து அடிக்கத் தொடங்கும்.

டை, அதாவது தகட்டை வடிவாக்கும் அச்சு, மாற்றும்போது மெயினை அணைக்க வேண்டும் என்று சுவரில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. யாரும் அணைப்பதில்லை. அணைத்தால் பிரஸ்ஸை இயக்கும் கனத்த சக்கரம், ஃப்ளைவீல், மறுபடி வேகம் பிடிக்கப் பத்து நிமிஷமாகும், அந்தப் பத்து நிமிஷத்துக்கு மேனேஜர் கத்துவார். அதனால் டை செட்டர் ஏகாம்பரம் என் பூட்டை நம்பி முழங்கை வரை இரண்டு கையையும் உள்ளே விடுகிறார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், பத்து விரலும் முழுசாக இருக்கிற ஒரே செட்டர் என்று அவருக்கு ஷாப்பில் பெயர்.

ஜூன் 7, வெள்ளி

காலையில் நான் பாத்ரூமில் இருந்தபோது மூன்றாம் நம்பர் பூட்டுக்காகப் போன் அடித்து ஓய்ந்திருக்கிறது. திரும்பி வந்தால் மேனேஜர் சபேசன் என் நாற்காலியில்.

"ஏன்யா, ஒரு ஆளு ஒண்ணுக்குப் போனா பேக்டரியே நிக்கணுமா? ஷாப்புல இருக்கற டெர்மினல்ல அவங்களே அடிச்சுக்கட்டும். இன்னிக்கே பண்ணு." கையிலிருந்த ஃபைலை என் முகத்துக்கு நேரே வீசினார். ஓரம் காதில் கீறியது.

முறையாகச் செய்வதென்றால் மூன்று செட்டர்களுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, அவர்களை ஒரு குழுவாக்கி, லைன்களை அந்தக் குழுவுக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். அரை நாள் வேலை. இன்று மாலை தாம்பரத்தில் என் மனைவி வசுமதியின் தங்கைக்கு நிச்சயதார்த்தம், நாலு மணிக்கே கிளம்பவில்லையென்றால் வசுமதி என்னை உயிரோடு விடமாட்டாள். 666 என்று ஒரே வரி அடித்தேன். யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம், எட்டு லைனிலும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பழைய அனுமதி திரும்பி வந்து தொலைக்கும். அதனால் அந்த வரியை, மெஷின் உயிர் பெறும்போது தானாக ஓடுகிற ஃபைலிலும் சேர்த்துவிட்டேன்.

சபேசனின் ஆசைகளுக்கு அளவே கிடையாது. இரண்டு ஷிப்ட் ஓடிய காலத்தில், தினமும் மதியம் 2.10க்கு எல்லாப் பிரஸ்ஸின் எண்ணிக்கையும் தானாகப் பூஜ்யமாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நேரம் வந்தால் தானாக ஓடுகிற ஒரு வேலையை அவர் பெயரிலேயே எழுதிப் போட்டேன். அவர் பெயருக்கு லைனில் எழுத அனுமதி ஏது, அது ஒரு நாளும் வேலை செய்யவில்லை. அவரும் மறந்தார், நானும் விட்டுவிட்டேன். இந்த ஆசையாவது இரண்டு மாதம் தாங்குகிறதா பார்ப்போம்.

ஜூன் 8, சனி

போன் அடிக்கவே இல்லை. சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

ஐந்தாம் நம்பரை ஓட்டுகிற தணிகாசலம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். உயரமான ஆள், கழுத்து நரம்பு எப்போதும் புடைத்திருக்கும். காலையிலிருந்து ஆயிரத்து நானூறு அடித்தானாம், மதியம் பார்த்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஓடுகிறதாம். சனிக்கிழமையும் இப்படியேதானாம். மற்ற ஆட்கள் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எண்ணிக்கையைச் சீட்டில் குறித்துவிடுவார்கள், இவன் மட்டும் ஷிப்ட் முடிவில்தான் குறிப்பான்.

"சார், எவனோ என் கவுண்ட்ட அழிக்கிறான். நோட்டீஸ் போர்டுல என் பேரு கடைசில கீது. நான் இன்னா தூங்கிகினா இருந்தேன்?"

இப்போது யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், ஷாப்பிலேயே விசாரித்துக்கொள் என்றேன். லைனை அவர்கள் கையில் கொடுத்தாகிவிட்டது, இனி அவர்கள் பாடு.

ஜூன் 12, புதன்

அடிதடி. தணிகாசலம் நேராக ஏகாம்பரத்திடம் போயிருக்கிறான். டெர்மினலில் அதிகமாகக் கை வைப்பது செட்டர்தானே என்பது அவன் கணக்கு. நான் சத்தம் கேட்டு ஓடியபோது ஏகாம்பரம் எண்ணெய்த் தரையில் மல்லாந்து கிடந்தார், உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"இன்னொரு வாட்டி அந்தப் பொட்டில கை வெச்ச, ரெண்டு கையும் இருக்காது ஒனக்கு!" தணிகாசலம் கத்தியதை நாற்பது பேர் கேட்டார்கள்.

"நான் அழிக்கலடா. எங்கொயந்த மேல சத்தியம்" என்றார் ஏகாம்பரம். பேக்கிங்கில் வேலை செய்கிற அவர் தம்பி முனிரத்தினம் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். தடுக்கப் போன எனக்கு முழங்கையில் ஒரு அடி. தணிகாசலத்துக்கு மெமோ கொடுத்துவிட்டு சபேசன் என்னிடம், "இவங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு கேடு" என்றார். கேட்டவரே அவர்தான்.

கை இன்னும் வலிக்கிறது. வசுமதி ஒத்தடம் கொடுத்தாள்.

ஜூன் 14, வெள்ளி

எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது.

காலை பத்திலிருந்து ஒன்று வரை கரண்ட் இல்லை. ஒன்றேகாலுக்குக் கம்ப்யூட்டரை ஏற்றினேன். காலையில் மாற்ற வேண்டிய ஐந்தாம் நம்பர் டையை ஏகாம்பரம் மதியத்துக்குத் தள்ளியிருந்தார். பூட்டை அவரே அடித்தார். கண்ணாடி வழியாகத் தலையை ஆட்டிச் சிரித்தார், உதட்டில் பிளாஸ்திரி.

பிரஸ் தகட்டின் மேல் அடித்தால் ஒரு சத்தம் வரும். இரண்டு வருஷமாகக் கேட்டு அது காதில் விழுவதே இல்லை. இன்று விழுந்தது வேறு சத்தம். பிறகு அவர் குரல். பிரஸ் நிற்காமல் இன்னும் இரண்டு தடவை இறங்கியது, அதற்குள் யாரோ மெயினை இழுத்தார்கள். இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டன. உள்ளே இருந்ததை எடுப்பதற்கு ஃப்ளைவீலை நான்கு பேர் கையால் சுற்ற வேண்டியிருந்தது. அந்த நாலு பேரில் நானும் ஒருவன். ஏகாம்பரம் கடைசி வரை கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாப் டெர்மினல் ஐந்தாம் நம்பருக்கு எட்டடி தள்ளி இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன் தணிகாசலம்.

அவன் மேல் விழுந்த முதல் அடி முனிரத்தினத்துடையது, இரும்பு ராடால் முதுகில். அப்புறம் எல்லாரும். பூட்ஸ் காலால் வயிற்றில், முகத்தில். "சொன்னத செஞ்சிட்டான்டா!" என்று கத்திக் கத்தி அடித்தார்கள். நானும் உதைத்தேன். ஒரே ஒரு தடவை, இடுப்பில். எழுதிவிடுகிறேன், நானும் உதைத்தேன். போலீஸ் வந்துதான் அவனை மீட்டது. மீட்டது என்று எழுதுகிறேன், ஜீப்பில் ஏற்றும்போதே லத்தி இறங்கிக்கொண்டிருந்தது.

மணி என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இரண்டு பத்து என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஜூன் 15, சனி

இன்ஸ்பெக்டர் கண்ணாடி அறைக்கு வந்தார். சபேசன் கூடவே நின்றார்.

"சார், இந்த மெஷின் தானா பூட்ட எடுத்துட்டு அடிக்குமா?"

"யாராவது எழுதினாத்தான் சார் போகும்" என்றேன். அது உண்மை. எழுதாமல் எதுவும் போகாது.

"அப்ப எவனோ ஒருத்தன் அடிச்சிருக்கான்."

அவர் எழுதிக்கொண்டார்.

ஜூன் 16, ஞாயிறு

ஆபீசுக்குப் போய்ப் பழைய ஃபைல்கள் சிலவற்றைச் சுத்தம் செய்தேன்.

ஜூன் 17, திங்கள்

சபேசனுக்குக் கவலை வந்துவிட்டது. லைன் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்தால் கம்பெனிக்குச் சீல்.

"செட்டருங்களுக்கு மட்டும்தான் அனுமதி, தணிகாசலம் ஏகாம்பரம் பேரத் திருடி உள்ள போயிட்டான். அப்படித்தான். புரியுதா? ஏழாந்தேதியிலிருந்தே அப்படித்தான்."

மூன்று பெயர்கள், ஒரு குழு, எட்டு லைன். தேதியையும் ஏழுக்குத் தள்ளினேன். அரை நாள் ஆகும் என்று நினைத்த வேலை. நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வரும்போது கேட்டில் ஒரு பெண் நின்றாள். தணிகாசலத்தின் மனைவி தேவகியாம். "ஸ்டேஷன்ல பாக்க வுட மாட்றாங்க. யாராச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க சார்" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். பேக்கிங்கிலிருந்து யாரோ எறிந்த கல் அவள் தோளில் பட்டது. இரண்டாவது கல் நெற்றியில். அவள் முந்தானையால் அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தேன். நேரமெல்லாம் நிறைய இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

ஐந்தாம் நம்பரைக் கழுவி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பத்துக்கு எண்ணிக்கை அழியவில்லை. ஷாப்பில் ஒரே பேச்சு: "அவன் உள்ள போனதும் எல்லாம் சரியாயிட்ச்சு பாத்தியா? அவனேதான் தன் கவுண்ட்ட அழிச்சிகினு சண்டைக்கு வழி தேடியிருக்கான்."

எனக்குத் தலைவலி. சீக்கிரம் வந்துவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

ஆஸ்பத்திரி. போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று சபேசன் ஆப்பிள் கொடுத்து அனுப்பினார். ஏகாம்பரத்துக்கு இரண்டு கையும் முழங்கைக்குக் கீழே பஞ்சு மூட்டை. ஈ உட்கார்ந்தால் தலையைத்தான் ஆட்டுகிறார். நான் ஆப்பிளை வைத்துக்கொண்டு முழித்தேன்.

"குணாளன் சார், தணிகாசலம் அடிக்கல" என்றார். "நான் பாத்தேன். ஒரு கைல டீ கிளாசு, இன்னோரு கைல பன்னு. என்னியப் பாத்து மூஞ்சத் திருப்பிக்கினான். அப்பதான் வந்து எறங்கிச்சு."

பக்கத்தில் முனிரத்தினம், "காய்ச்சல்ல ஒளறுது" என்றான்.

"ஒளறலடா. சார், ஒனக்குத் தெரியும்ல? அந்தப் பொட்டி தானா அடிக்குமா?"

"அடிக்காதுங்க" என்றேன்.

"அப்ப எனுக்குத்தான் கண்ணு தெரில" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆப்பிளை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

வசுமதி சாப்பிடும்போது கேட்டாள். "ஒரு வாரமா தூக்கத்துல ரெண்டு பத்து, ரெண்டு பத்துங்கறீங்க. என்ன அது?"

தட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். எவர்சில்வர் தட்டு, திரும்பி வந்து அவள் புருவத்தைக் கிழித்தது. மூன்று தையல். ரத்தத்தோடு குழம்பும் வழிந்தது. அவள் அழவில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு தானே கிளினிக்குக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். டாக்டரிடம் பரண் சாமான் விழுந்துவிட்டது என்று சொன்னாள். அவள் எனக்காகப் பொய் சொன்னதை என்னால் தாங்கவே முடியவில்லை.

ஜூன் 24, திங்கள்

வசுமதி தாம்பரம் போய்விட்டாள்.

ஜூன் 29, சனி

தணிகாசலத்துக்கு ஜாமீன் கிடைத்ததாம். கொலை முயற்சி கேஸ் அப்படியே இருக்கிறது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று சபேசன் சந்தோஷமாகச் சொன்னார். "குறைஞ்சது ஏழு வருஷம்."

ஒப்புக்கொண்டானாம். செய்யாததை ஒருத்தன் எப்படி ஒப்புக்கொள்வான்? எப்படி என்று எனக்குத் தெரியும். ஜீப்பில் ஏற்றும்போதே பார்த்தேனே.

ஜூலை 1, திங்கள்

லீவு போட்டுவிட்டு தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். காலை ஒன்பது மணி, குழாயில் தண்ணீர் வரும் நேரம், தெரு பூராவும் குடங்கள். அதே தெருவில் மூன்று வீடு தள்ளித்தான் முனிரத்தினம் வீடு என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. எட்டு வருஷம் பக்கத்தில் இருந்தவர்களாம்.

தணிகாசலம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகிவிட்டான். கால் நகங்கள் இல்லை. "தணிகாசலம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். வீட்டில் ஒத்திகை பார்த்த வாக்கியங்களை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சலனமும் இல்லை. நான் அதை மன்னிப்பு என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

தேவகி உள்ளேயிருந்து வந்தாள். "இன்னா சார் பேசிகினே போறீங்க? காது ரெண்டும் போச்சு அதுக்கு. கன்னத்துலயே அடிச்சி அடிச்சி. எதுனா சொல்லணும்னா எழுதிக் காட்டுங்க."

பையில் இந்த டைரிதான் இருந்தது. ஒரு தாளைக் கிழித்து முழங்காலில் வைத்து எழுதினேன். பதினாறு நாளாக இந்த டைரியிலேயே எழுதாமல் தப்பித்து வந்ததை அங்கே எழுதினேன். அந்தத் தாள் இப்போது அவனிடம் இருக்கிறது. அதில் இருப்பது இது:

"தணிகாசலம், அஞ்சாம் நம்பரை அடிக்க வைத்தது நீ இல்லை. மேனேஜர் பெயரில் தினமும் 2.10க்கு எல்லா லைனுக்கும் பூஜ்யம் அனுப்பும் வேலையை இரண்டு வருஷத்துக்கு முன் நான் போட்டேன். அனுமதி இல்லாததால் அது ஓடவில்லை. ஜூன் 7ஆம் தேதி நான் எல்லாருக்கும் அனுமதி கொடுத்தேன். மறுநாளிலிருந்து அது ஓடியது. உன் எண்ணிக்கையை அழித்தது அதுதான். ஏகாம்பரத்தின் கையை எடுத்ததும் அதுதான். பதினைந்தாம் தேதி எனக்குத் தெரிந்துவிட்டது. பதினாறாம் தேதி அதை அழித்தேன். நீ பேரைத் திருடியதாகக் காட்ட தேதியை மாற்றினேன். குணாளன்."

தணிகாசலம் நாலாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், வாய்விட்டுத்தான் படிப்பான். தன் குரல் தனக்கே கேட்காததால் தொண்டை கிழிய, பெருங்குரலில் படித்தான். "த-ணி-கா-சலம்... அஞ்... சாம்... நம்-பரை..." நான் கையைப் பிடித்தேன், மெதுவாக என்று சைகை காட்டினேன். உதறிவிட்டான். "அ-டிக்க... வைத்-தது... நீ... இல்லை." வெளியே குடங்களின் சத்தம் நின்றது. குழாயில் தண்ணீர் மட்டும் யாரும் பிடிக்காமல் கொட்டியது. வாசலில் ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. என் பெயர் வரை படித்து முடித்தான், அதையும் மூன்றாகப் பிரித்து.

என்னை முதலில் அடித்தது தணிகாசலம்தான், தலையை முன்னால் விட்டு, நெற்றியால் என் மூக்கில். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். அப்போது முனிரத்தினம் வாசல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கையில் ஒரு துண்டு இரும்புக் குழாய். முதல் வீச்சில் தோள்பட்டை, இரண்டாவதில் வாய். இரண்டு பல் தரையில் விழுந்ததைப் பார்த்தேன். மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது தணிகாசலம் அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"வாயில அடிக்காத!" தெருவே அதிர்கிற குரல். "கோர்ட்டுல பேச இவனுக்கு வாய் வோணும்!"

முனிரத்தினம் அவன் பிடியிலேயே நின்று அழுதான். தணிகாசலத்தின் முதுகில் அவன் ராடால் அடித்த இடம் இன்னும் கறுத்துக் கிடக்கிறது, சட்டையில்லாததால் எல்லாரும் பார்த்தார்கள். தேவகி அந்தத் தாளை எடுத்து ரத்தம் படாமல் ரேஷன் கார்டு கவருக்குள் வைத்தாள். பிறகு எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள், வாய் கொப்பளிக்க.

ஜூலை 2, செவ்வாய்

ஸ்டேஷனுக்குக் காலை பத்து மணிக்குப் போனோம், தணிகாசலம், தேவகி, முனிரத்தினம், நான். தணிகாசலத்துக்கு அந்த வாசற்படியில் கால் ஏறவில்லை. முனிரத்தினம்தான் கையைப் பிடித்து ஏற்றினான்.

நின்றுகொண்டே சொன்னேன். இன்ஸ்பெக்டர் பாதியிலேயே எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தார். "அன்னிக்கு யாராவது எழுதினாத்தான்னு சொன்னல்ல?" என்றார். எழுதியது நான்தான் சார் என்றேன். மேனேஜர் சொன்னாரா என்றார். தேதியை மாற்றச் சொன்னது அவர், மற்றதெல்லாம் நான் என்றேன். ஸ்டேஷன் ரைட்டரைக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதச் சொன்னார். உதடு வீங்கி, பல் போன இடத்தில் காற்று போய், வார்த்தைகள் வாயிலேயே குழைந்தன. ரைட்டர் மூன்று முறை பேனாவைக் கீழே வைத்தார்.

தணிகாசலம் பெஞ்சில் உட்காரவில்லை. எனக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் தன் பெயர் வருகிறதா, 'இல்லை' என்பது வருகிறதா என்று உதடுகளிலிருந்து பிடிக்கப் பார்த்தான். நான் முடித்ததும் தலையை ஆட்டினான்.

"புரில. இன்னோரு வாட்டி சொல்லு" என்றான், ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.